ரொட்டி இல்லாத டாக்கோ

மும்பையில் டாக்கோ என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகள் இன்று குறைவு. பெரிய வணிக வளாகங்களில் விற்கிறது. அட்டைப் பெட்டியில் அடைத்த டாக்கோ ஓடுகளும் கடைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் கை சுடுகிறது.

இந்த டாக்கோவை வீட்டிலேயே செய்யலாம். அதுவும் ரொட்டி இல்லாமல், மைதா இல்லாமல் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஏன் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், யார் செய்யக்கூடாது என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

"இட்லியும் தோசையும் இருக்க, மெக்சிகோக்காரன் பலகாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம், வடாபாவ் தின்னக் கற்றுக்கொண்டோம். மிசலுக்கும் பழகிவிட்டோம். ஊரில் மூன்று வேளையும் சோறு உண்டவர், இங்கே இரவில் சப்பாத்திக்கு மாறினார். நம்மைக் கேட்டுக்கொண்டு எந்த மாற்றமும் வருவதில்லை. வந்த பிறகாவது, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று நாம் முடிவு செய்ய வேண்டாமா?

மெக்சிகோவின் ஏழை உணவு

டாக்கோ பணக்காரர் பலகாரமல்ல. மெக்சிகோ நாட்டில் உழைப்பாளிகள் தெருவோரம் நின்றபடி தின்னும் உணவு அது. சோளத்தில், அதாவது நாம் மக்காச்சோளம் என்று சொல்லும் சோளத்தில், மெல்லிய அடை தட்டுகிறார்கள். அதற்கு டார்ட்டியா என்று பெயர். அதை நம் தோசைக்கல் போன்ற வட்டக் கல்லில் சுட்டு, உள்ளே கறியோ பீன்ஸோ வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, மடித்துக் கையில் கொடுக்கிறார்கள். கொத்தமல்லி, எலுமிச்சை, மிளகாய், சீரகம் ஆகிய இவை நமக்குப் புதியவையா? இல்லை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கே வந்து சேர்ந்தன.

அந்த நாட்டுப் பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவிய பிறகே அரைப்பார்கள். இதனால் தோல் கழன்று மாவு பதமாகிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் உடலுக்குக் கிடைக்கிறது. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. அதன் விளைவாக, சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், இத்தாலி நாட்டு ஏழைகள் 18-ம் நூற்றாண்டு முதல் பெல்லாக்ரா என்ற கொடிய நோய்க்கு ஆளானார்கள். பண்டம் பயணம் போனால் போதாது, பக்குவமும் கூடப் போக வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

மெக்சிகோவின் சமையல் மரபை 2010-ல் யுனெஸ்கோ அமைப்பு மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் நம் கைக்கு வரும் டாக்கோ அந்த மரபிலிருந்து வெகுதூரம் விலகியது. எண்ணெயில் பொரித்த ஓடு, அல்லது மைதா ரொட்டி. அதன்மேல் இனிப்புச் சாஸ். பக்கத்தில் ஒரு குளிர்பானம்.

இன்னொரு செய்தியும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ளத் தக்கது. மெக்சிகோ நகரில் இன்று புகழ்பெற்ற 'அல் பாஸ்தோர்' டாக்கோ, லெபனான் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறையிலிருந்து பிறந்தது. வந்தேறிகள் தங்கள் முறையை அந்த ஊர்ப் பண்டத்தோடு சேர்த்தார்கள். இன்று அதுவே அந்த ஊரின் பெருமையாகிவிட்டது. ஆகவே டாக்கோவில் கை வைக்க நமக்கு என்ன உரிமை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

சோற்றை விட்டுச் சப்பாத்தி

இனி விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை நோய் நம் வீடுகளில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றும், நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் அது கணக்கிட்டது.

அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வெளியாயிற்று. நம் நாட்டார் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது அதன் முடிவு. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த முடிவு. அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டு, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால், நோய் அபாயம் குறைந்ததாக அந்த ஆய்வில் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் பொருள் போன்ற புரத உணவைச் சேர்த்தவர்களிடம்தான் அபாயம் குறைவாக இருந்தது.

மும்பைத் தமிழர் வீடுகளில் இரவுச் சப்பாத்தி ஒரு மருந்துபோல ஆகிவிட்டது. "ராத்திரி சோறு தொடுவதில்லை, நாலே சப்பாத்தி" என்று பெருமையாகச் சொல்லும் குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். நாலு சப்பாத்திக்கு 120 கிராம் கோதுமை மாவு போகிறது. அந்த 120 கிராமில் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. வலது கையில் விட்டதை இடது கையால் வாங்கிக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

ஆகவே எந்த மாவு என்பதைவிட, மாவு எவ்வளவு என்பதே கேள்வி. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளாவது மாவைக் குறைத்து, வயிறும் நிறைந்து, பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் தின்னும்படி ஒரு பண்டம் வேண்டும். ரொட்டி இல்லாத டாக்கோ அதற்குப் பொருத்தமானது. மடித்துத் தின்னும் பண்டத்தில் மாவுச்சத்து பெரும்பாலும் மேலுறையில்தான் இருக்கிறது. மேலுறையை மாற்றிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

மேலுறைக்கு நாலு வழி

முதலாவது, முட்டைக்கோஸ். நம் மண்டிக்காரர் இதைக் கோபி என்பார். தளர்வான இலைகள் கொண்ட கோஸாகப் பார்த்து வாங்க வேண்டும். கல்போல் இறுகியதில் இலை கிழியாமல் வராது. அடித்தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு, வெளி இலைகளை முழுதாகக் கழற்ற வேண்டும். கொதிக்கும் உப்பு நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். நடு நரம்பு தடித்திருந்தால் கத்தியால் சீவிவிடலாம். இலை மடங்கும், ஆனால் முறியாது. 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 75 கிராம். 100 கிராம் கோஸில் நாலைந்து கிராம்தான். லெட்டூஸ் கீரையைப் பச்சையாகவே வைத்துத் தின்பவர்கள் இருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் பச்சை இலை வேண்டாம். வெந்நீரில் போட்டெடுத்த கோஸே நல்லது.

இரண்டாவது, முட்டை. மும்பையின் பிராங்கியை எல்லாரும் அறிவோம். மைதா ரொட்டியில் முட்டை பூசிச் சுருட்டிக் கொடுப்பது. அதில் மைதாவை எடுத்துவிட்டு முட்டையை வைத்துக்கொள்வதுதான் இது. இரண்டு முட்டையை உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டு நன்றாக அடித்து, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மெல்லியதாக ஊற்ற வேண்டும். தீ அதிகம் கூடாது. இரண்டு வட்டங்கள் கிடைக்கும். சற்று ஆறிய பிறகு உள்ளே வைத்து மடித்தால் கிழியாது. ஒரு முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு; புரதம் 6 கிராம்.

மூன்றாவது, பாசிப்பருப்பு. முட்டை தொடாத வீடுகளுக்கு இது. நாலு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்து, மெல்லிய தோசையாக வார்க்கலாம். ஆந்திரர்கள் பெசரட்டு என்பதும், இங்கே மூங் சில்லா என்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து உண்டு. கடலைமாவுக்கும் இதே கணக்குத்தான். இதில் லாபம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருப்பதும், கொஞ்சம் மாவிலேயே மெல்லிய உறை வருவதும். ஒரு மைதா ரொட்டிக்கு 40 கிராம் மாவு போனால், இதற்கு 25 கிராம் பருப்புப் போதும். அந்த வகையில் மாவுச்சத்து பாதியாகிறது. 'மாவுச்சத்தே இல்லை' என்று நினைத்து ஆறு ஏழு தின்றால் கணக்கு மீண்டும் பழையபடி ஆகிவிடும்.

நாலாவது, பாலாடைக்கட்டி, அதாவது சீஸ். மெக்சிகோவிலேயே சீஸைக் கல்லில் உருக்கி மொறுமொறுப்பாக்கி, அதையே உறையாக மடிக்கும் வழக்கம் உண்டு. 'கோஸ்த்ரா' என்பார்கள். துருவிய சீஸை ஒட்டாத கல்லில் வட்டமாகப் பரப்பி, ஓரம் சிவந்ததும் எடுத்து, இரண்டு டம்ளர்களுக்கு நடுவே குறுக்கே வைத்த கரண்டிக் காம்பின்மேல் போட வேண்டும். சூடு ஆறும்போது டாக்கோ ஓட்டின் வடிவம் தானாக வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் விலையும் அதிகம், உப்பும் கொழுப்பும் அதிகம். ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஏற்றதல்ல. பண்டிகைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வதே சரி.

உள்ளே வைப்பதில் ஏமாறக்கூடாது

மேலுறையை மாற்றிவிட்டு உள்ளே உருளைக்கிழங்கையும் சோள முத்துகளையும் அடைத்தால் பாடுபட்டது வீண். கோழிக் கொத்துக்கறி, முட்டைப் பொரியல், பனீர், ஊறவைத்துப் பிழிந்த சோயா உருண்டை ஆகியவை ஏற்றவை. ஆட்டுக்கறி எப்போதாவது இருக்கட்டும். ராஜ்மா மெக்சிகோவுக்கே உரிய பயறுதான். புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மாவுச்சத்தும் உள்ளதால் உறைக்கு ஒரு கரண்டி போதும்.

நாலு பேருக்குக் கால் கிலோ கோழிக் கொத்துக்கறியும் இரண்டு பெரிய வெங்காயமும் தாராளம். பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள், ஒரு தக்காளி சேர்த்து, கறி வெந்து தண்ணீர் சுண்டும் வரை வதக்க வேண்டும். இதுதான் முக்கியம். குழம்பாக இருந்தால் இலை உறை தாங்காது, கையில் வழியும்.

மேலே தூவத் தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழியலாம். உப்பைப் பரிமாறும்போது போட வேண்டும். முன்பே போட்டால் நீர் விட்டுவிடும். புளித்த கிரீமுக்குப் பதில், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் போதும். தக்காளி சாஸ் புட்டி வேண்டாம். அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. குளிர்பானமோ அதைவிட மோசம். 300 மில்லி புட்டியில் சுமார் 30 கிராம் சர்க்கரை. மெக்சிகோ அரசே 2014 முதல் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி போட்டது. 2020 முதல் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரையை எச்சரிக்கையாக அச்சிட வைத்தது. டாக்கோ பிறந்த நாடே பயப்படும் பண்டத்தை, டாக்கோவோடு சேர்த்து நாம் விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

மதியச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுபோகிறவர்கள் உறையையும் கறியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மடித்து வைத்தால் லோக்கல் ரயிலில் போய்ச் சேருவதற்குள் நசுங்கிக் கூழாகிவிடும்.

இது பணக்காரர் சாப்பாடா?

"மாவைக் குறைத்துக் கறியைக் கூட்டு என்று சொல்வது எளிது. சம்பளம் கூடுமா?" என்று கேட்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அரிசியும் கோதுமையும் ரேஷனில் கிடைக்கின்றன; மலிவாக வயிறு நிறைப்பது மாவுதான். ஏழை மாவைத் தின்பது அறியாமையால் அல்ல, விலையால்.

அதனால்தான் வீட்டில் செய்யுங்கள் என்கிறோம். வளாகத்துக் கடையில் ஒருவர் வயிறு நிறைய டாக்கோ தின்னும் காசில், ஒரு டஜன் முட்டையும் ஒரு கோஸும் வாங்கலாம். சோயா உருண்டை கறியைவிட மலிவு. அதன் எடையில் பாதி புரதம். தேவைப்படுவது ஒரு அடுப்பு, ஒரு தோசைக்கல், ஒரு பாத்திரம். பத்துக்குப் பத்து அறையிலும் செய்யலாம். அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து அரை மணியில் முடித்துவிடலாம்.

இப்போது 'மாவுச்சத்து குறைந்தது', 'கீட்டோ' என்று பெயர் ஒட்டி ரொட்டிகளும் மாவுகளும் விற்கிறார்கள். சாதாரண மாவின் விலை அல்ல அவற்றுக்கு. பொட்டலத்தின் பின்னே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சத்துப் பட்டியலில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று படிக்காமல் வாங்கக்கூடாது. கோஸ் இலைக்குப் பட்டியல் தேவையில்லை.

யார் செய்யக்கூடாது?

இதைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை நன்மையைவிடத் தீமையே செய்யும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மருத்துவரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டில் மாவுச்சத்தை வெட்டக்கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். கவனிக்காவிட்டால் மயக்கமும் உயிராபத்தும் வரும். டாபாகுளிப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. "இப்படிச் சாப்பிடப் போகிறேன், மருந்தைக் குறைக்க வேண்டுமா?" என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும், கர்ப்பிணிப் பெண்கள் உணவை மாற்றும் முன்பும் கேட்டே தீர வேண்டும்.

உடலுழைப்பாளிகள் கதை வேறு. மண்டியில் மூட்டை தூக்குகிறவரும், கட்டட வேலையில் வெயிலில் நிற்பவரும், நாற்காலியில் எட்டு மணி நேரமும் ரயிலில் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவும் ஒரே அளவு மாவு தின்ன வேண்டும் என்ற சட்டம் இல்லை. மூட்டை தூக்குகிறவருக்குச் சோறு தேவை. அவர் கோஸ் இலையில் டாக்கோ தின்னட்டும், பக்கத்தில் சோறும் இருக்கட்டும். வளரும் பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களுக்கு மைதாவுக்குப் பதில் சப்பாத்தியிலேயே டாக்கோ மடித்துக் கொடுக்கலாம். நாற்காலிக்காரர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை முதலில் பொருந்தும்.

ஒரே சட்டியில் கறி. உறை மட்டும் அவரவர்க்கு ஏற்றபடி. அப்பாவுக்குக் கோஸ், அம்மாவுக்கு முட்டை, பாட்டிக்குப் பாசிப்பருப்பு, பிள்ளைகளுக்குச் சப்பாத்தி. நோயாளிக்குத் தனிச் சமையல், மற்றவர்க்குத் தனிச் சமையல் என்று அடுப்படியில் ஒருத்தி இரண்டு முறை வேகவேண்டியதில்லை. பத்தியச் சாப்பாடு வீட்டில் நிலைக்காமல் போவதற்கு அந்த இரட்டை வேலையே பெரிய காரணம். சர்க்கரை வந்தவரும் எல்லாரோடும் உட்கார்ந்து, அதே தட்டு, அதே கறி என்று சாப்பிடும்போது, தனக்கு ஏதோ மறுக்கப்பட்டது என்ற எண்ணம் அவருக்கு வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது தளர்வான கோஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் டாக்கோ கேட்டால் மறுக்க வேண்டாம். வீட்டில் செய்து கொடுங்கள். பெரியவர்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பணமும் மிச்சம், மாவும் மிச்சம்.